மெஷின் கழுவியதா, மாமியார் கழுவியதா?

(‘வீட்டுக்கு வந்த இயந்திரங்களால் பெண்களுக்குக் கூடியிருப்பது ஓய்வே! வேலையே!’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘ஓய்வே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு, இன்னும் கோபம் தணியாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தோழி அவர்களே! இன்றைக்கு ஒரு நாளாவது சமையல்கட்டை மறந்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தோழி என்ன சொன்னார்கள்? “பாத்திரம் கழுவுற மெஷின் வாங்கினேன். தட்டை வெளியே எடுத்தா சாம்பார் பருப்பு அப்படியே ஒட்டியிருக்கு. டம்ளரை எடுத்தா தண்ணி சொட்டுது. மெஷின் கழுவினதை நான் ஒரு தரம் கழுவி, துணி போட்டுத் துடைச்சு அடுக்கறேன். ஒரு வேலை இருந்த இடத்துல மூணு வேலை ஆயிடுச்சு. இதுவா ஓய்வு?” என்று கேட்டார்கள். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், நடுவர் அவர்களே, நானும் தட்டினேன்.

(சிரிப்பு)

நடுவர்: என்னம்மா, கட்சி மாறிட்டீங்களா?

மாறலைங்க ஐயா. அவங்க சொன்ன கதை என் வீட்டுக் கதை. அதை எங்கே விட்டுட்டாங்களோ, அங்கேயிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன். இதிலே சிரிக்கிற விஷயம் கொஞ்சம்தான் இருக்கிறது.

நான் கோயம்புத்தூர். பள்ளிக்கூடத்திலே ஆசிரியை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், பிளஸ் டூ படிக்கிற மகள், அப்புறம் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்க அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் வைத்துப் பாத்திரம் விளக்கிய கை. பிறகு சோப்புக் கட்டி வந்தது, பிறகு நீலக் கலரில், பச்சைக் கலரில் சோப்புத் தண்ணீர் வந்தது. சோப்பு மாறியதே தவிர கை மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு அம்மா வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவர்கள் மகனோடு இருக்கத் திருப்பூர் போனார்கள், அங்கேயே இருந்துவிட்டார்கள். அன்று முதல் பாத்திரம் மறுபடி அத்தை கைக்கு வந்தது. நான் கழுவுகிறேன் என்று போனால், “நீ ஆன்லைன் கிளாஸ் எடு அம்மிணி, புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்” என்பார்கள்.

ஒரு வருஷத்தில் கை வெடித்துவிட்டது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. அப்புறம் தோல் உரிந்தது. அப்புறம் உள்ளங்கையில் பிளவு பிளவாக வெடித்து, ரத்தம் கசிந்தது. வெங்காயம் நறுக்க முடியாது. உப்பைத் தொட முடியாது. தோல் டாக்டரிடம் போனோம். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, “மருந்து பாதிதாங்க. நாள் பூராவும் தண்ணியிலயும் சோப்புலயும் கை ஊறினா தோலோட மேல்காப்பு போயிடும். பாத்திரத்தை நிறுத்தினாத்தான் இது ஆறும்” என்றார்.

அதனால்தான் மெஷின் வாங்கினோம். 2021இல், முப்பத்தெட்டாயிரம் ரூபாய். என் வீட்டுக்காரர் நாலு தடவை கடைக்குப் போய், ஐந்தாவது தடவை மனசு வந்து வாங்கினார். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தோம். முதல் மாதம் தட்டைப் பார்த்தால் முகம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. இதை நன்றாகக் கவனியுங்கள் ஐயா. காலையில் ஆறு மணிக்கு நான் சமையல்கட்டுக்குள் போனால் பாத்திரம் பளபளவென்று அலமாரியில் இருக்கும். டம்ளர் துடைத்துக் கவிழ்த்திருக்கும். ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன், “வாங்குங்க, அருமையான மெஷின்” என்று. என் பேச்சைக் கேட்டு இரண்டு டீச்சர்கள் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் அத்தையின் கை ஆறவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னும் பாத்திரம் கழுவறீங்களாம்மா?” என்றார். நான் முந்திக்கொண்டு, “இல்லீங்க டாக்டர், மெஷின் வாங்கிட்டோம்” என்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நாலரை மணிக்குச் சமையல்கட்டில் விளக்கு எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மெஷின் கதவு திறந்து கிடக்கிறது. அது கழுவிய பாத்திரம் அத்தனையும் சிங்க்கில் கிடக்கிறது. குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் இருக்கத் தொட்டியில் ஒரு துணியைப் போட்டு, அதன்மேல் வைத்து அத்தை தட்டு தட்டாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். வலது கையில் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

நடுவர்: மூணு மாசமா?

மூணு மாசமாங்க ஐயா. “ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன். அவர்கள் சொன்னார்கள்: “முப்பத்தெட்டாயிரம் போட்டு எனக்காக வாங்கியிருக்கான். அது சரியாக் கழுவலைன்னு சொன்னா அவன் மனசு என்னத்துக்கு ஆகும் கண்ணு?”

எதிரணியில் இப்போது சிரிக்கிறார்கள். “பார்த்தீங்களா, எங்க கட்சிக்கே சாட்சி சொல்றாங்க” என்கிறார்கள். பொறுங்கள் தோழி. மெஷின் ஒரு கிழவியை ஏமாற்றியதா, அல்லது அந்த மெஷினை நாங்கள் பட்டினி போட்டோமா, மூச்சடைக்க வைத்தோமா என்பதையும் கேட்டுவிட்டுக் கை தட்டுங்கள்.

சர்வீஸுக்குப் போன் பண்ணினோம். ஒரு தம்பி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், ஒரு பட்டனை அமுக்கினார். “மெஷின் நல்லாத்தான் இருக்குங்க மேடம். நம்ம சமையலுக்கு இது சரிப்பட்டு வராது” என்று சொல்லிவிட்டு, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்ம சமையலுக்குச் சரிப்பட்டு வராது என்றால், முதல் மாதம் மட்டும் எப்படிச் சரிப்பட்டது? நாங்கள் என்ன முதல் மாதம் பீட்சாவா சாப்பிட்டோம்?

(சிரிப்பு, கைதட்டல்)

மெஷினோடு வந்த புத்தகத்தைத் தேடினேன். எங்கே இருந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் அதை பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார். நம் வீட்டு ஆண்கள் எந்தப் புத்தகத்தையும் தொலைக்க மாட்டார்கள் ஐயா. படிக்கத்தான் மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்த்தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, டார்ச் லைட்டோடு தரையில் உட்கார்ந்தேன். மெஷினுக்கு அடியில் நடு மையத்தில் ஒரு வடிகட்டி இருக்கிறது. இடப்பக்கம் திருகினால் கையோடு வந்துவிடும். எடுத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று இந்த மேடையில் சொல்லலாமா என்று தெரியவில்லை. கறிவேப்பிலை, புளிச் சக்கை, முருங்கைக்காய் நார், எலுமிச்சை விதை, மிளகாய்க் காம்பு, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு. ஆறு மாதச் சமையலின் சரித்திரம் அங்கே இருந்தது.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மெஷின் ஒவ்வொரு தட்டுக்கும் புதுத் தண்ணீர் விடுவதில்லை. கொஞ்சம் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதையே வடிகட்டி, அதையே மறுபடி மேலே பீய்ச்சி அடிக்கிறது. சிக்கனமே அங்கேதான். வடிகட்டி அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீரைத்தான் தட்டின்மேல் திரும்பத் திரும்ப ஊற்றும். பழைய பல் தேய்க்கும் பிரஷ், வெந்நீர், கொஞ்சம் சோப்பு, பத்து நிமிஷம். அவ்வளவுதான் வேலை. மீன்தொட்டியைக் கழுவுகிற மாதிரி வாரம் ஒரு தடவை.

அதோடு போகவில்லை. எங்கள் வீட்டு வடிகட்டி சரியாகப் பூட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் ஒரு நாள் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திருகாமல் அப்படியே வைத்திருக்கிறாள். அந்தச் சந்து வழியாகக் கடுகு உள்ளே போய்விட்டது. போன கடுகு எங்கே போகும்? பம்பு அதைத் தண்ணீரோடு மேலே தள்ளும். மேலேயும் கீழேயும் விசிறி மாதிரி சுற்றுகிற இரண்டு கைகள் இருக்கின்றன. அதிலிருக்கிற சின்னச் சின்ன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் பாயும். தண்ணீர் பாய்கிற வேகத்தில்தான் அந்தக் கையே சுற்றும். என் வீட்டு விசிறியில் பாதி ஓட்டையில் கடுகு உட்கார்ந்திருந்தது. தாளிப்பதற்கு முன்னால் கணக்குப் பார்த்துப் போடுகிற கடுகு!

(சிரிப்பு)

விசிறியைக் கழற்றி, குழாயடியில் பிடித்து, பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம், கோயில் சலங்கை மாதிரி. அது நின்ற பிறகுதான் மாட்டினேன். மாட்டிவிட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். கீழே சுற்றியது. மேலே சுற்றவில்லை. ஏன்? கீழ்த்தட்டில் என் வீட்டுக்காரர் நட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்த ஜல்லிக்கரண்டி அதில் இடிக்கிறது! ஒரு கரண்டி குறுக்கே நின்றால் மேல்தட்டுப் பாத்திரம் அத்தனைக்கும் தண்ணீர் இல்லை. இப்போதெல்லாம் கதவை மூடுவதற்கு முன்னால் இரண்டு விசிறியையும் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மூடுகிறோம்.

அடுக்குவதைப் பற்றி என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடந்த சண்டையைச் சொன்னால் அது தனிப் பட்டிமன்றம். அவருக்கு இடம் வீணாகக் கூடாது. பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி ஏற்றுவார். கிண்ணத்துக்குள் கிண்ணம், தட்டோடு தட்டு ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே குக்கர். “ஏனுங்க, ஒட்டி நிக்கிற இடத்துல தண்ணி எப்படிங்க போகும்?” என்று கேட்டால், “அதுதானே மெஷின், அதுக்குத் தெரியும்” என்பார். அதற்கு என்ன தெரியும்? கண் இருக்கிறதா அதற்கு? தண்ணீர் நடுவிலிருந்து வருகிறது. அதனால் அழுக்குப் பக்கம் நடுவைப் பார்க்க வேண்டும், குழிவான பாத்திரம் எல்லாம் கவிழ்ந்து சாய்ந்து இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. பெரிய தட்டைச் சோப்பு வைக்கிற சின்னக் கதவுக்கு நேர் எதிரே நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அந்தக் கதவு திறக்காது, சோப்பு வில்லை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெறும் வெந்நீரில் கழுவி முடித்துவிட்டு மெஷின் பாட்டுப் பாடும். எங்கள் வீட்டில் அதுவும் இரண்டு தடவை நடந்தது.

இன்னொன்று சொன்னால் தாய்மார்கள் என்மேல் கோபப்படுவீர்கள். மெஷினில் போடுவதற்கு முன்னால் பாத்திரத்தைக் குழாயில் காட்டி, கையால் தேய்த்து, ஏறக்குறையக் கழுவியே போடுகிறீர்கள் அல்லவா? அதைச் செய்யாதீர்கள். சோற்றுப் பருக்கை, எலும்பு, கறிவேப்பிலை இதையெல்லாம் குப்பையில் வழித்துப் போடுங்கள், போதும். மெஷின் சோப்பில் என்சைம் இருக்கிறது. மாவுச்சத்தையும் புரதத்தையும் அரித்துத் தின்பதற்கென்றே போட்டது. கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. ‘ஆட்டோ’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, சில மெஷினில் அது தண்ணீரின் கலங்கலைப் பார்த்து எவ்வளவு நேரம் கழுவுவது என்று தீர்மானிக்கும். நீங்கள் கழுவிப் போட்டால், “ஓகோ, இன்றைக்கு அழுக்கே இல்லை” என்று சீக்கிரம் முடித்துவிடும். அங்கே ஒரு மூலையில் காய்ந்த சாதம் ஒட்டிய குண்டான் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கேட்பார் இல்லை.

என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் பில் கவலை வேறு. தினமும் அரை மணி ‘குயிக்’ பட்டனையே அமுக்கியிருக்கிறார். அது காபி டம்ளருக்கும் டிபன் தட்டுக்கும் சரி. வதக்கிய கடாய்க்கும் குழம்புச் சட்டிக்கும் அறுபத்தைந்து, எழுபது டிகிரி வெந்நீர், இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஓடுகிற பட்டன் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீருக்குத்தான் இளகும், வேறு சமாதானத்துக்கு இளகாது.

ஒரு நாள் வில்லை தீர்ந்துபோயிற்று. மனிதர் என்ன செய்தார்? சிங்க்கில் வைத்திருக்கிற சோப்புத் தண்ணீரை இரண்டு கரண்டி ஊற்றிவிட்டார். நான் ஸ்கூலில் இருக்கிறேன். போன் வருகிறது. “ஏம்மா, மெஷின் நுரை தள்ளுது!” யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று பதறிவிட்டேன் ஐயா.

(பலத்த சிரிப்பு)

கதவு ஓரமெல்லாம் நுரை. சமையல்கட்டு முழுக்கத் திருப்பாற்கடல். இவர் நடுவில் நிற்கிறார், படுக்கத்தான் பாம்பு இல்லை. கையால் கழுவுகிற சோப்பு நுரைப்பதற்கென்றே செய்தது. மெஷின் சோப்பு நுரைக்கவே கூடாது என்று செய்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் விற்கிறதே தவிர சொந்தக்காரர்கள் இல்லை.

சரி, இவ்வளவும் செய்தோம். பருப்பு போயிற்று, பிசுக்கு போயிற்று. ஆனால் கண்ணாடி டம்ளரில் வெள்ளையாக ஒரு படலம். விபூதி பூசின மாதிரி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று சிறுவாணி, தேன் மாதிரி, குடிக்க. இன்னொன்று போர்த்தண்ணீர், அதற்குப் பெயரே உப்புத் தண்ணீர். மெஷினுக்கு எது போகிறது? நாம்தான் சிறுவாணி குடிப்போம், மெஷினுக்கு உப்புத் தண்ணீர்! உப்புத் தண்ணீர் என்று பெயர்தானே தவிர, அதில் நம்மைப் படுத்துவது சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும். தண்ணீர் காய்ந்ததும் அது பாத்திரத்தில் உட்கார்ந்துவிடும். சோப்பின் வேகத்தையும் கெடுக்கும்.

அதற்கு மெஷின் செய்தவன் வழி வைத்திருக்கிறான். கீழே, வடிகட்டிக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு குழி. அதில் உப்புப் போட வேண்டும். உள்ளே பாசிமணி மாதிரி ரெசின் மணிகள் இருக்கின்றன. அது சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிரம்பிப் போனால் உப்புத் தண்ணீர்தான் அதைக் கழுவி மறுபடி தயாராக்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் மாட்ட வந்தவர் போட்ட உப்புதான். அதற்குப் பிறகு போடவே இல்லை. முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. “அது எதுக்குங்க எரியுது?” என்று கேட்டேன். “பூஜை ரூம்ல ஜீரோ வாட்ஸ் பல்பு எரியலையா, அந்த மாதிரி” என்றார்.

(சிரிப்பு)

சமையல் பொடி உப்பைக் கொட்டிவிடாதீர்கள். அது கட்டிபிடித்து அடைத்துக்கொள்ளும், அயோடினும் மற்றதும் கலந்திருக்கும். இதற்கென்றே சல்லி சல்லியாக உப்பு விற்கிறது. அவசரத்தில் சோப்புத் தூளை அந்தக் குழியில் போட்டுவிடக் கூடாது, ரெசின் கெட்டுவிடும். நம் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்லவும் ஒரு பட்டன் உண்டு. கடையிலிருந்து வந்தபோது எந்த எண்ணில் இருந்ததோ அதிலேயே விட்டிருந்தோம், ஏற்றி வைத்தேன். ‘எல்லாம் இதிலேயே இருக்கு’ என்று சொல்லி விற்கிற வில்லையை நம்பி உப்பை விட்டவர்கள் உண்டு. போர்த்தண்ணீருக்கு அது தாங்காது. ஏற்கெனவே படிந்ததற்கு என்ன செய்வது? டம்ளரில் கொஞ்சம் வினிகர் தடவிப் பார்த்தேன். படலம் போயிற்று, அப்படியானால் சுண்ணாம்புதான். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி, பாத்திரமே இல்லாமல் ஒரு தடவை வெந்நீரில் ஓட்டினேன். உள் சுவர் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய் மெஷினில் சேர்கிற இடத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது, அதிலும் ஒரு ஸ்பூன் போர் மணல். எடுத்துக் கொட்டினேன்.

கடைசியாக ஈரம். தோழி சொன்னார்களே, தண்ணீர் சொட்டுகிறது என்று. மெஷினுக்குள்ளே யாரும் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் மாதிரி மெஷின்களில் கடைசி அலசல் நல்ல சூட்டில் நடக்கும். பாத்திரம் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு தன் ஈரத்தைத் தானே ஆவியாக்கும். ஆவி போய்ச் சுவரில் பட்டு வழிந்துவிடும். எவர்சில்வரும் பீங்கானும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், காயும். பிளாஸ்டிக் டப்பா சீக்கிரம் ஆறிவிடும், காயாது. ஐஸ்கிரீம் டப்பாவையெல்லாம் சேர்த்துவைத்து மெஷினில் போட்டுவிட்டு, ஈரம் ஈரம் என்று மெஷினைத் திட்டினால் எப்படி? ரின்ஸ் எய்ட் என்று ஒன்று ஊற்றச் சின்ன மூடி இருக்கிறது. அதை ஊற்றினால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பாய் விரித்த மாதிரி வழிந்துவிடும். நாங்கள் அதைச் சும்மா வாசனைக்கு என்று நினைத்து விட்டுவிட்டோம். நம் டம்ளரின் அடியில் ஒரு குழி இருக்கும், கவிழ்த்தால் அதில் குளம் நிற்கும். சாய்த்து வைக்க வேண்டும். முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், ஆவி வெளியே போகட்டும். எடுக்கும்போது கீழ்த்தட்டை முதலில் காலி பண்ண வேண்டும். மேலே இருந்து எடுத்தால் டம்ளர் குழியில் நிற்கிற தண்ணீரெல்லாம் கீழே காய்ந்ததன்மேல் கொட்டும். இத்தனையும் செய்தும், முடிந்தவுடன் கதவைத் திறந்தால் உள்ளே சூடே இல்லையென்றால் ஹீட்டர் போயிருக்கலாம். அது நம் வேலையில்லை, மெக்கானிக் வேலை.

நடுவர்: ஏம்மா, நீங்க டீச்சரா, மெக்கானிக்கா?

தேவை வந்தால் எல்லாம்தான் ஐயா. இந்த மெஷினைக் கண்டுபிடித்ததே மெக்கானிக் இல்லை, அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் இருந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி. வசதியான வீடு. வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய பழைய பீங்கான் தட்டெல்லாம் விளிம்பு உடைந்தது. அந்த வருத்தத்தில் தொடங்கியது. 1883இல் கணவர் இறந்துவிட்டார், கடனை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தார். பிரஷ்ஷால் தேய்க்காமல், தண்ணீரின் வேகத்தாலேயே கழுவுகிற மெஷினுக்கு 1886 டிசம்பர் 28இல் பேட்டன்ட் வாங்கினார். 1893 சிகாகோ கண்காட்சியில் பரிசு பெற்றது. ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகள் வாங்கவில்லை. காரணம் கேளுங்கள்: அன்றைய வீடுகளில் போதிய வெந்நீர் இல்லை, பல ஊர்களில் தண்ணீர் கடினத் தண்ணீர்! நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சிகாகோவில் அந்த அம்மா பட்ட பாடும் கோயம்புத்தூரில் நான் பட்ட பாடும் ஒன்றே.

மெஷினால் முடியாதது உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அலுமினியம் கறுக்கும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். ஈயச் சொம்பு, பித்தளைக் குத்துவிளக்கு, மரக்கரண்டி, மண்சட்டி எதையும் அதில் காட்டாதீர்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் கறை போகாது. இவற்றை இன்றைக்கும் கையால்தான் கழுவுகிறோம். ஆனால் கழுவுகிறவர் என் வீட்டுக்காரர்!

(கைதட்டல்)

ஆமாங்க. சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துப் பழக்கமில்லாத மனிதர். அம்மா மூணு மாசம் நாலரை மணிக்கு எழுந்து பாலிதீன் பையோடு விளக்கினார்கள் என்று சொன்ன அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அரை மணி நேரம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை வடிகட்டி அவர் பொறுப்பு. உப்பு எப்போது போட்டோம் என்று காலண்டரில் எழுதி வைக்கிறார், பால்கணக்குக்குப் பக்கத்தில். ‘வேலை கூடிவிட்டது’ என்று எதிரணி சொன்னது எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உண்மைதான் ஐயா. அவருக்குக் கூடியிருக்கிறது.

நடுவர்: மணி அடிச்சாச்சும்மா.

அரை நிமிஷம் ஐயா. அத்தையின் கை ஆறுவதற்கு நாலு மாதம் பிடித்தது. அந்தத் தீபாவளிக்கு என் மகள் பாட்டி கையில் மருதாணி வைத்துவிட்டாள். வெடிப்பு இருந்த இடத்தில் எரியுமோ என்று பயந்து பயந்து ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. அப்புறம்தான் முழுக் கைக்கும் வைத்தாள்.

இன்றைக்கும் அத்தை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார்கள், பழக்கம். மெஷினைத் திறப்பார்கள். ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அதை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி கலந்துகொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்கள். அந்தத் திண்ணையை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.